மசில்லோடரில் எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு: மான் வேட்டைக்குப் போகும் முன்

மசில்லோடர், அதாவது குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கி, வாங்கிய கையோடு எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை கிரெய்ன் மருந்து போடணும்?" என்பதுதான். கிரெய்ன் என்பது மருந்தையும் குண்டையும் அளக்கும் சிறு அளவு. அந்தக் கேள்வி கடைசியாகக் கேட்க வேண்டியது. உங்கள் மாநிலச் சட்டம் எதை அனுமதிக்கிறது, குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டியிருக்கும் புரிகளின் முறுக்கு என்ன, அந்த முறுக்குக்கு எந்தக் குண்டு ஒத்துப்போகும் என்று மூன்றையும் முடிவு செய்த பிறகுதான் மருந்துப் பக்கமே போக வேண்டும்.

நான் எழுதுவது அமெரிக்காவில் உரிமம் எடுத்து வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியும் இதே போல வாய்ப்பக்கம் கெட்டிப்பதுதான், ஆனால் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே இதற்கு இடமில்லை.

சரி, சட்டம். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வரும் மசில்லோடர் பருவம் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கு மட்டுமே உரியது, 1974-இலிருந்து நடக்கிறது. கொலராடோவின் மசில்லோடர் பருவத்தில் பெல்லட் மருந்து (மாத்திரை போல அழுத்திய மருந்து) கூடாது, பிளாஸ்டிக் சேபோ (குண்டைச் சுற்றும் உறை) கூடாது, தொலைநோக்கிக் கண்ணாடியும் கூடாது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கிடையாது. ஆகவே ஊர் தெரியாமல் யாரோ சொன்ன 'சூப்பர் லோடு' ஒன்றை வாங்கி வைத்துவிடாதீர்கள். அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.

அடுத்து முறுக்கு. 1:48 என்றால் குண்டு 48 அங்குலம் நகர்வதற்குள் ஒரு முழுச் சுற்று சுற்றும். குழலில் எழுதியிருக்காவிட்டால் நீங்களே அளந்துகொள்ளலாம். முதலில் துப்பாக்கி காலியா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் துப்புரவுக் கோலில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே விட்டு, கோலின் மேல் ஒரு கோடு போட்டு, மெதுவாக இழுங்கள். கோடு கால் சுற்று திரும்ப எத்தனை அங்குலம் ஆகிறதோ அதை நாலால் பெருக்கினால் முறுக்கு கிடைத்துவிடும். 1:60, 1:66 மாதிரி மெதுவான முறுக்கு உருண்டைக் குண்டுக்கு. 1:28 மாதிரி வேகமான முறுக்கு நீளமான குண்டுக்கும் சேபோவுக்கும். 1:48 இரண்டுக்கும் நடுவில் நிற்கும், உருண்டையும் சுடும், குட்டையான கூம்புக் குண்டும் சுடும். குண்டு நீளமாக ஆக அது நேராகப் பறக்க அதிகச் சுழற்சி வேண்டும், காரணம் அவ்வளவுதான். வேக முறுக்குக் குழலில் உருண்டையைப் போட்டு, மருந்தையும் ஏற்றினால், புரிகளைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் இலக்கில் எங்கே விழும் என்று சொல்லவே முடியாது.

குண்டுக்கு வருவோம், பெரும்பாலோர் கையில் இருக்கும் .50 காலிபரையே (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) எடுத்துக்கொள்கிறேன். இதற்கான .490 அங்குல உருண்டை சுமார் 177 கிரெய்ன் எடை. அதைச் சுற்றி .015 அங்குலத் தடிமனில் எண்ணெய் தடவிய பருத்தித் துணி போகும். மென்மையான சுத்த ஈயம்தான் வேண்டும், நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும். விநாடிக்கு 1,800 அடி வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் குழல் வாயில் ஏறக்குறைய 1,270 அடி-பவுண்டு. ஆனால் உருண்டை காற்றை மோசமாக வெட்டும் வடிவம், நூறு கெஜத்தில் வேகம் 1,100 அடிப் பக்கம் வந்துவிடும், ஆற்றல் ஐநூறுக்கும் கீழே இறங்கிவிடும். பாதிக்கும் மேல் போச்சு. அதனால்தான் உருண்டைக்கு என் எல்லை 75 கெஜம், அதற்கு மேல் நிற்கிற மானை விட்டுவிடுகிறேன். கூம்புக் குண்டு 300 கிரெய்னுக்கு மேலும் வரும், உதை அதிகம், ஆனால் ஊடுருவல் நம்பலாம். சேபோ என்பது பிளாஸ்டிக் உறைக்குள் .44 அல்லது .45 கைத்துப்பாக்கிக் குண்டு, 240 முதல் 300 கிரெய்ன் வரை. இன்லைன் துப்பாக்கி (பற்றவைப்பு குழலுக்கு நேர் பின்னால் இருப்பது) வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் போடுகிறார்கள், மானுக்கு 250 கிரெய்ன் தாராளம்.

இப்போது மருந்து. இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டும்: சாதாரண ரைஃபிள் தோட்டாவுக்குள் இருக்கும் புகையில்லா மருந்தை மசில்லோடரில் போடவே கூடாது. 'கொஞ்சம்தானே' என்று போட்டாலும் குழல் வெடித்துக் கை போகும், கண் போகும். உங்கள் துப்பாக்கியின் கையேட்டில் எழுதியிருக்கும் மருந்து மட்டும், அதில் சொல்லியிருக்கும் உச்ச அளவுக்குள் மட்டும்.

கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. மருந்து டப்பாவில் F எழுத்து கூடக் கூட மணி சன்னமாகும், வேகமாக எரியும். அதைத் தமிழில் இரண்டு எஃப், மூன்று எஃப் என்றே சொல்கிறேன். .50-க்கும் மேலே இரண்டு எஃப், .45-க்கும் கீழே மூன்று எஃப் என்பது பழைய வழக்கம். .50-இல் மூன்று எஃப் போடுகிறவர்களும் உண்டு, ஆனால் அளவைக் குறைத்துப் போடுவார்கள். நான்கு எஃப் சக்கிமுக்கித் துப்பாக்கியின் தட்டில் பற்றவைக்க மட்டும். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன், பிளாக்ஹார்ன் 209 எல்லாம் மாற்று மருந்துகள். இவை பற்றிக்கொள்ள அதிகச் சூடு கேட்கும், அதனால் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு அசல் கருமருந்தே சரி. பிளாக்ஹார்னுக்கு 209 பிரைமர் (சூடாகப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாமல் வேலையே நடக்காது. டிரிபிள் செவன் அதே கொள்ளளவுக்குக் கருமருந்தைவிடச் சுமார் 15 சதவீதம் வீரியம் கூடியது, அதைக் கழித்துக்கொண்டுதான் போட வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. '100 கிரெய்ன்' என்று கையேட்டில் இருப்பது பெரும்பாலும் கருமருந்தின் கொள்ளளவுக் கணக்கு, தராசு எடை அல்ல. பிளாக்ஹார்னில் அதே அளவுக்குழாய் நிறைய எடுத்தால் தராசில் 70 கிரெய்ன்தான் காட்டும். தராசில் 100 நிறுத்துப் போட்டால் நீங்கள் உச்ச அளவையே தாண்டியிருக்கலாம். எடையா கொள்ளளவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்லட் வசதிதான், ஆனால் பெரும்பாலும் 50, 100, 150 என்று தாவ வேண்டியிருக்கும், நினைத்த அளவில் நிற்க முடியாது. துப்பாக்கிக்குப் பிடித்த அளவைத் தேடும்போது அளந்து கொட்டும் தளர்மருந்துதான் எனக்குப் பிடிக்கும்.

சுட்டுப் பார்க்கும் நாள் இப்படிப் போகட்டும். கையேட்டின் தொடக்க அளவில் ஆரம்பியுங்கள், உருண்டைக்கு 60 கிரெய்ன் நல்ல தொடக்கம். 50 கெஜத்தில் தாங்குமேசையிலிருந்து மூன்று குண்டு சுடுங்கள், பிறகு ஐந்து ஐந்து கிரெய்னாக ஏற்றுங்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் நடுவே ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று குழலில் விட்டு எடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சோதிப்பது மருந்தை அல்ல, கரியைத்தான். மூன்று ஓட்டையும் நெருங்கி வந்து, அப்புறம் விலக ஆரம்பித்தால் அந்த நெருங்கிய அளவுதான் உங்களுடையது. என் துப்பாக்கி 80-இல் நெருங்கியது. 100-க்குப் போனபோது தோள் வலித்ததும் ஓட்டைகள் சிதறியதும்தான் மிச்சம். குளிர்காலத்தில் வெள்ளைப் பனிமேல் சுட்டால் குழல் வாய்க்கு முன்னால் எரியாத மருந்துத் துகள் கருப்பாகச் சிதறிக் கிடப்பது தெரியும், அது நீங்கள் காசு கொடுத்து வாங்கி வீணாக்கிய மருந்து.

உருண்டை சுடுகிறவர்கள் முன்னால் போய்ச் சுற்றுத்துணியைப் பொறுக்கி எடுத்துப் பாருங்கள், இலக்குத் தாளைவிட அது அதிகம் சொல்லும். நடுவில் கரிய வட்டம், ஓரம் லேசாகப் பிசிறியிருந்தால் எல்லாம் சரி. நடுவே எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் மருந்து கூடுதல், அல்லது துணி மெல்லியது, அல்லது எண்ணெய் போதவில்லை. கோடு கோடாகக் கிழிந்திருந்தால் புதுக்குழலின் புரி விளிம்பு கூராக இருக்கிறது, நூறு வேட்டு சுட்டால் பெரும்பாலும் மழுங்கிவிடும்.

கெட்டிக்கும்போது மருந்தைக் குடுவையிலிருந்து நேரே குழலில் கொட்டாதீர்கள், உள்ளே கங்கு ஒன்று மிச்சமிருந்தால் குடுவையே வெடிக்கும். அளவுக்குழாயில் எடுத்துத்தான் கொட்ட வேண்டும். குண்டு மருந்தின் மேல் முட்டி உட்கார வேண்டும், நடுவில் இடைவெளி இருந்தால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். காலியான குழலுக்கு ஒரு கோடு, சரியாகக் கெட்டித்ததற்கு ஒரு கோடு என்று, குண்டை உள்ளே தள்ளும் இடிகோலில் போட்டுவைத்துக்கொண்டால், மருந்தை இரட்டிப்பாகப் போட்டதும் குண்டு பாதியில் நின்றதும் உடனே தெரிந்துவிடும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்குப் பக்கமே வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள், தாமதமாகப் பற்றுவது உண்டு.

காட்டில் காற்றை மறக்காதீர்கள். மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்று உருண்டையை நூறு கெஜத்தில் எட்டு அங்குலம் வரை தள்ளிவிடும், மானின் இதயமும் நுரையீரலும் அடங்கும் இடமே அவ்வளவுதான். காயப்பட்ட மான் இரவெல்லாம் துடிப்பதைவிட, சுடாமல் திரும்புவது நல்லது. இன்னொன்று, குளிரிலிருந்து துப்பாக்கியைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் கோத்து மருந்து நமுத்துவிடும். ஆகவே அந்தி சாய்ந்ததும், பாதுகாப்பான மண்மேட்டில் சுட்டோ, குண்டை வெளியே எடுத்தோ, காலி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அப்புறம் கருமருந்தோ பைரோடெக்ஸோ போட்டிருந்தால் அன்றிரவே வெந்நீரும் சோப்பும் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். மறுநாள் காலை என்று தள்ளினால் துரு முந்திக்கொள்ளும்.