பனீர் தண்ணீரிலிருந்து கால்சியம் பாஸ்பேட்டைப் பிரிப்பது எப்படி?

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 1.2 கிராம் கால்சியம் இருக்கிறது. கூடவே பாஸ்பேட்டும் தாராளமாக இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் தண்ணீரில் சரியாகக் கரையாது. நியாயப்படி பால் பாத்திரத்தின் அடியில் வண்டலாகத் தங்கியிருக்க வேண்டும். தங்காததற்குக் காரணம் கேசின் புரதம். மூன்றில் இரண்டு பங்கு கால்சியத்தை அது தன் நுண் உருண்டைகளுக்குள் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்த அமிலம் போதும்.

முதலில், கொழுப்பு குறைந்த பாலைக் காய்ச்சி இறக்கி, வினிகர் விட்டுத் திரிய வையுங்கள். பனீர் செய்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். திரிந்த பிறகும் இரண்டு ஸ்பூன் வினிகர் கூடுதலாக விடுங்கள். பிஹெச் (புளிப்பின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம், 7 என்றால் நடுநிலை) 5 அளவுக்கு இறங்கினால்தான் பாஸ்பேட் நன்றாக வெளியே வரும். உடனே வடிகட்ட வேண்டாம், ஆறட்டும். கால்சியம் பாஸ்பேட் சூட்டைவிடக் குளிர்ச்சியில்தான் அதிகம் கரையும்.

எலுமிச்சம்பழம் மட்டும் கூடாது. பலருக்கும் சறுக்குகிற இடம் இதுதான். அதிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. பால் அழகாகத் திரியும், ஆனால் கடைசியில் வண்டல் சரியாக இறங்காது. பாலிலேயே இயல்பாகக் கொஞ்சம் சிட்ரேட் உண்டு, நாம் வேறு சேர்க்க வேண்டியதில்லை.

அப்புறம் துணியில் வடிகட்டி, காபி ஃபில்டர் காகிதத்தில் இன்னொரு முறை வடிகட்டுங்கள். பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்த தண்ணீர் கிடைக்கும். அந்த நிறம் ரைபோஃபிளேவின் என்கிற வைட்டமின் பி2 தருவது.

இதில் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். நுரைக்கும், பொறுமை வேண்டும். பிஹெச் 7 வந்ததும் நிறுத்துங்கள். பிஹெச் பட்டைக் காகிதம் வாங்கிவிடுவது நல்லது. மஞ்சள்தூள் சிவக்கும்வரை காத்திருந்தால் 7-ஐத் தாண்டியிருப்பீர்கள். இனி மிதமான தீயில், கொதிக்க விடாமல் சூடாக்குங்கள். தெளிந்த தண்ணீர் பால்போலக் கலங்கும். இறக்கி அசையாமல் வைத்தால் வெள்ளை வண்டல் இறங்கும்.

பின்சேர்க்கை: கிடைத்தது பாஸ்பேட்தானா என்று சோதிக்க வண்டலில் வினிகர் விட்டதும் குமிழி வருகிறதே என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். சோடா மிச்சம் இருக்கும், அல்லது கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்து படிந்திருக்கும். வெந்நீரில் நன்றாக அலசிவிட்டுச் சோதியுங்கள். குமிழி இல்லாமல் கரைந்தால் அது பாஸ்பேட். கரையாமல் மிதக்கிற இழைகள் மிச்சமுள்ள புரதம்.