பிக்கப் வண்டிக்கு மட்ஃப்ளாப் மாட்டும் முறை: கரிசல் பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு

ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் போதும், எங்கள் பக்கத்து வண்டிப்பாதையெல்லாம் கூழாகிவிடும். எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் உரமூட்டை, விதை, அறுப்பு நேரத்தில் மக்காச்சோளம் என்று என் பொலேரோ பிக்கப் காட்டுக்குள் இறங்காத வாரமே கிடையாது. வாங்கி இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் ஒருநாள் குனிந்து பார்க்கிறேன், முன் சக்கரத்துக்குப் பின்னால், டோரின் கீழ் விளிம்பில் வெள்ளை பெயின்ட் மேல் மிளகுத்தூள் தூவினது மாதிரி புள்ளிகள். நகத்தால் சுரண்டினால் புள்ளிக்கு அடியில் செங்காவி நிறம். துரு.

கம்பெனி பெயின்ட் என்பது எல்லா அடுக்கும் சேர்த்தே ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம்தான். டயர் அள்ளி வீசும் சரளை ஒன்று பட்டாலே தகரம் வரை இறங்கிவிடும். அதன்மேல் கரிசல் சேறு அப்பிக்கொண்டால் நாலு நாளைக்கு ஈரம் போகாது. பொட்டாஷ் மூட்டை ஏற்றுகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அது குளோரைடு உப்பு. சிந்தினது சேற்றோடு கலந்தால் துரு வேகமாகப் பரவும். டயர் வீசுவதைத் தடுக்கத்தான் மட்ஃப்ளாப், அதாவது சக்கரத்துக்குப் பின்னால் தொங்கவிடுகிற ரப்பர் தட்டி.

முதலில் சேறு எங்கே அடிக்கிறது என்று பாருங்கள்

ரப்பர் வாங்க ஓடாதீர்கள். வண்டியைக் கழுவிவிட்டு சேற்றுப் பாதையில் ஒரு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி கழுவாமல் நிறுத்துங்கள். சேறு விசிறி மாதிரி விரிந்து படிந்திருக்கும். அதன் ஓரத்தைச் சாக்பீஸால் கோடு போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. டோரையும் படிக்கட்டையும் கெடுப்பது முன் டயர். பின் டயர் வீசுவது போய்ப் படுவது பின்விளக்கு, நம்பர் பிளேட், பின்னால் பைக்கில் வருகிறவரின் சட்டை மேல். ஆகவே பணம் ஒரு ஜோடிக்குத்தான் இருக்கிறது என்றால் முன்பக்கத்துக்கு மாட்டுங்கள். பெரும்பாலானவர்கள் பின்பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு, டோர் துருப்பிடிக்கிறதே என்று வருத்தப்படுகிறார்கள்.

ரப்பர்

5 மில்லிமீட்டர் கனமுள்ள சாதா கறுப்பு ரப்பர் ஷீட் வாங்குங்கள். பழைய கன்வேயர் பெல்ட்டை வெட்டி மாட்டச் சொல்வார்கள், விலையும் குறைவுதான். ஆனால் உள்ளே துணி அடுக்கு இருப்பதால் விறைப்பு அதிகம். கல்லில் மாட்டினால் மடங்காது, மாட்டின இடத்தையே பிய்த்துக்கொண்டு வரும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஃப்ளாப் தார்ச்சாலையில் மட்டும் ஓடுகிற வண்டிக்குச் சரி, காட்டுக்குள் போகிற வண்டிக்கு நான் வாங்க மாட்டேன்.

அகலம், டயரைவிட இரண்டு பக்கமும் ஒரு விரல் கூடுதலாக இருக்கட்டும்.

அளவெடுப்பது: இங்கேதான் நான் தவறினேன்

முதல் தடவை வீட்டு வாசலில், காலி வண்டியில் அளவெடுத்தேன். தரையிலிருந்து நாலு விரல் உயரம் விட்டு, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் காட்டில் இருபது மூட்டை மக்காச்சோளம் ஏற்றினேன். ஸ்பிரிங் பட்டை அமுங்கி பின்பக்கம் மூன்று அங்குலம் இறங்கியது. ஃப்ளாப்பின் நுனி சேற்றில் உரசுவதை நான் கவனிக்கவில்லை. வரப்பை ஒட்டி ரிவர்ஸ் எடுத்தபோது டயர் அந்த நுனியின்மேல் ஏறிவிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் ஃப்ளாப் டயருக்கு அடியில் கிடக்கிறது, மாட்டியிருந்த மட்கார்டு விளிம்பு வாய் பிளந்து தொங்குகிறது. பெயின்ட்டைக் காப்பாற்றப் போய்த் தகரத்தையே கிழித்துக்கொண்டு வந்தேன். டிங்கர் வேலைக்குக் கொடுத்த காசில் நாலு ஜோடி ரப்பர் வாங்கியிருக்கலாம்.

அதனால் இந்த அளவை முழு லோடோடுதான் எடுக்க வேண்டும். லோடு இல்லையென்றால் உரக்கடை வாசலில் ஏற்றி நிற்கும்போது டேப்பை வைத்துப் பாருங்கள். லோடு ஏறின நிலையில் ஃப்ளாப்பின் நுனிக்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளி வேண்டும். தார்ச்சாலை வண்டிக்கு இது அதிகம்தான். காட்டுப்பாதையில் இதற்குக் குறைத்தால் வரப்பும் வண்டித்தடத்து மேடும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது அளவு, டயருக்கும் ஃப்ளாப்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி. கரிசல் களிமண் ஈரத்தில் ஊதும். டயரைச் சுற்றி உருண்டையாகச் சேர்ந்துகொண்டே போகும். ஃப்ளாப் டயரை ஒட்டி இருந்தால் அந்த இடுக்கில் சேறு அடைத்து, டயரே ஃப்ளாப்பை இழுத்துவிடும். குறைந்தது மூன்று அங்குலம் விடுங்கள். முன்பக்கத்துக்கு ஸ்டியரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் முழுசாக ஒடித்து, இரண்டு நிலையிலும் கையை விட்டுப் பார்க்க வேண்டும். நேராக நிற்கும்போது தாராளமாக இருக்கிற இடைவெளி, ஒடித்தவுடன் காணாமல் போகும்.

மாட்டுவது

வண்டியில் ஏற்கெனவே இருக்கிற துளைகளைத் தேடுங்கள். சக்கர வளைவுக்குள் பிளாஸ்டிக் லைனர் பிடிக்கிற ஸ்க்ரூ இருந்தால் அதே இடத்தில் நீளமான ஸ்க்ரூ போட்டு வேலையை முடித்துவிடலாம். புது வண்டியென்றால் துளை போடும் முன் வாரண்டி விஷயத்தை ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள்.

துளை போட்டே ஆகவேண்டுமென்றால், முதலில் உட்பக்கம் கையை விட்டு வயரோ பிரேக் பைப்போ ஓடவில்லை என்று உறுதி செய்யுங்கள். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் டிரில் பிட் வழுக்காது. போட்டதும் உடனே போல்ட்டை மாட்டிவிடாதீர்கள். துளையின் வாயில் பெயின்ட் இல்லாத வெறும் தகரம் தெரியும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். வட்ட அரத்தால் பிசிறை எடுத்து, துளையின் உள்விளிம்பு முழுக்க ரெட் ஆக்சைடு பிரைமரைத் தீக்குச்சி நுனியால் தொட்டு வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு டச்சப் பெயின்ட். பட்டறையில் இதற்கெல்லாம் பொறுமை இருக்காது, நாமே செய்தால்தான் உண்டு.

6 மில்லிமீட்டர் போல்ட், லாக் நட்டு, 10-ஆம் நம்பர் ஸ்பேனர். ரப்பரின் மேல் நேரடியாக வாஷர் வைத்து முறுக்கினால் சில மாதத்தில் துளை கிழிந்துவிடும். ஓர் அலுமினியப் பட்டையை ரப்பரின் அகலத்துக்கு வெட்டி மேலே வைத்து முறுக்குங்கள், இழுவை சமமாகப் பரவும். ரப்பர் லேசாக அமுங்கும் வரை முறுக்கினால் போதும்.

ஃப்ளாப் மறைக்காத இடங்கள்

ஃப்ளாப் மாட்டியும் டோரின் அடியில் ஒரு முழ உயரத்துக்குக் கொஞ்சம் தெறிக்கும். அங்கே கண்ணாடி மாதிரித் தெளிவான பெயின்ட் பாதுகாப்பு பிலிம் ஒட்டலாம். மலிவான பிவிசி பிலிம் நம் வெயிலுக்கு மஞ்சளாகும், ஆகவே பாலியூரித்தேன் பிலிமாகக் கேட்டு வாங்குங்கள். சோப்புத் தண்ணீர் அடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி ஒட்ட வேண்டும். முன்பே துருப்புள்ளி இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர், பெயின்ட் அடித்துக் காயவிட்டுத்தான் பிலிம். துருவின் மேலேயே ஒட்டினால் அது உள்ளே தின்றுகொண்டே போகும்.

டோரின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே போகிறது. சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, டோர் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் குமிழ் விடும்போது காலம் கடந்திருக்கும். ஈர்க்குச்சியால் மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள். அடிப்பக்கத்துக்கு அண்டர்கோட்டிங் (துருத் தடுப்புப் பூச்சு) அடிக்கும்போதும் இந்தத் துளைகளை டேப்பால் மூடச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் டேப்பை மறக்காமல் எடுங்கள்.

வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கம் டீசல் அடிக்கட்டுமா என்று கேட்பார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊறிக் கெடும், அதன்மேல் புழுதியும் ஒட்டும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மாட்டிய ஒருவர், வேகமாகப் போகும்போது ஃப்ளாப் பின்னால் பறந்து டோரிலேயே சேறடிக்கிறது என்று எழுதினார். போட்டோ கேட்டுப் பார்த்தேன், ரப்பர் 3 மில்லிமீட்டர்தான். புதிதாக வாங்க வேண்டியதில்லை, நுனியில் குறுக்காக இன்னொரு அலுமினியப் பட்டையைப் போல்ட் போட்டால் அந்த எடையில் பறக்காமல் நிற்கும். பட்டையின் மூலைகளை மட்டும் அரத்தால் உருட்டிவிடுங்கள், டயரில் பட்டால் கிழிக்கும்.

இன்னொருவர் காய்ந்த கரிசலைத் துணியால் துடைத்து, டோர் முழுக்கக் கீறலாக்கிக்கொண்டார். அந்த மண்ணில் மணலும் இருக்கிறது. கீழிருந்து மேலாகத் தண்ணீர் அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, இன்னொரு தடவை அடித்த பிறகுதான் துணி படவேண்டும். சக்கர வளைவின் உள்மடிப்பில் விரலை விட்டுப் பாருங்கள். நீங்கள் கழுவி முடித்ததாக நினைத்த வண்டியில் அங்கே ஒரு கைப்பிடி சேறு உட்கார்ந்திருக்கும்.