கையொப்பம் பொருந்தாதபோது நான் செய்த திருத்தம்

ஃபில் ஸிம்மர்மன் 1991இல் வெளியிட்ட பிஜிபி நிரலால் (மின்மடல்களை மறையாக்கவும் அவற்றில் மின்கையொப்பமிடவும் உதவுவது) கையொப்பமிட்டு நான் அனுப்பிய மடல்கள், பெறுநரிடம் சரிபார்ப்பில் தேறவில்லை. கையொப்பத்தைச் சரிபார்க்கப் பிறருக்குத் தரும் பொதுச் சாவியின் கைரேகையை, அதாவது அச்சாவியை அடையாளம் காட்டும் குறுகிய எண்ணெழுத்துத் தொடரை, தொலைபேசியில் வாசித்து ஒப்பிட்டோம். அது சரியாகவே இருந்தது. அனுப்பிய பிரதியையும் சென்றடைந்த பிரதியையும் வரிவரியாக ஒப்பிட்டபோதுதான், கையொப்பம் இடப்பட்ட பின்னர் அஞ்சல் மென்பொருள் நீண்ட வரிகளைத் தானாக மடித்திருந்தது புலப்பட்டது. வரி இறுதியிலுள்ள வெற்றிடங்களைப் பிஜிபி பொருட்படுத்துவதில்லை. ஆனால் புதிதாக ஒரு வரிமுறிவு நுழைந்தாலும் உரையின் ஹாஷ் மதிப்பு, அதாவது உரையிலிருந்து கணக்கிட்டுக் கையொப்பத்துக்கு அடிப்படையாக்கும் சுருக்கக் குறியீடு, முற்றிலும் மாறிவிடும் (இந்தக் கண்டிப்புக்காகத்தானே கையொப்பமே இடுகிறோம்). ஆகவே, வரிகளை 70 எழுத்துகளுக்குள் முறித்துவிட்டு, அதன் பிறகே என்னிடம் மட்டுமே உள்ள அந்தரங்கச் சாவியால் கையொப்பமிட்டேன். நிரல் இல்லாதவரும் வாசிக்கவேண்டிய தேவை இல்லாத மடல்களை, முழுவதுமாக ஆஸ்கி கவசத்தில் (தரவை வெறும் ஆங்கில எழுத்துகள், எண்கள், குறிகளாக மாற்றித் தரும் வடிவம்) பொதிந்து அனுப்பினேன். அதன் குறுகிய வரிகளை மென்பொருள் தொடவில்லை.