தையல் வேலையை நூலின் நிறப்படி பிரியுங்கள்

வாரம் ஒருநாள் தையல் எந்திரத்தின் முன் உட்காரும்போது, கைக்கு வந்த துணியை எடுத்துத் தைக்காதீர்கள். நூலின் நிறப்படி பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளை நூல் வேலைகள் எல்லாம் முடிந்த பிறகே கறுப்புக்கு மாறுங்கள்.

தையல் பிரிந்த தலையணை உறையை ஓட்டித் தைக்க ஒரு நிமிடம் போதும். நேரத்தைத் தின்பது பாபினில் (அடிநூல் சுற்றும் சிறு உருளையில்) நூல் சுற்றுவதும், ஊசியில் நூல் கோப்பதும், தையல் சரியாக விழுகிறதா என்று துண்டுத் துணியில் ஓட்டிப் பார்ப்பதும்தான். நிறத்தை மாற்றும்போதெல்லாம் இவை அனைத்தையும் மறுபடி செய்தாக வேண்டும். வேட்டியும் நேரியலும் (மேல்துண்டும்) புழங்கும் நம் கன்னியாகுமரி மாவட்ட வீடுகளில் வெள்ளை நூல் வேலைதான் பெரும்பாலும் அதிகம் சேரும். அதையே முதலில் முடியுங்கள். ஆனால் அதற்கு முன் ஊசியைப் பாருங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஊசியைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். அந்தக் கறை வெள்ளைத் துணியில் ஏறினால் எளிதில் போகாது. துரு தெரிந்தால் ஊசியை மாற்றிவிடுங்கள், தேய்த்துப் பயன்படுத்த வேண்டாம்.

ஜீன்ஸுக்கும் பட்டுக்கும் இந்த முறை ஒத்துவராது. ஜீன்ஸுக்குத் தடித்த 16ஆம் எண் ஊசி வேண்டும், பட்டுக்கு மெல்லிய 11ஆம் எண் போதும். அவற்றை நிறம் பார்க்காமல் ஊசிப்படி தனியாக வையுங்கள். கிழிசல் விழுந்த துணியையும் வாரக் கடைசிவரை போட்டு வைக்கக் கூடாது. துவைத்தால் கிழிசல் பெரிதாகும் என்பதால், துவைக்கும் முன்பே கையாலாவது இரண்டு தையல் போட்டுவிடுங்கள்.