ராதிகாவைத் திட்டும் முன் செய்ய வேண்டியவை

மார்த்தாண்டத்தில் எனக்கு ஒரு தையல் கடை. காலையில் மெஷின் ஓட ஆரம்பித்ததும் கொக்கி தைக்கிறவர்களின் கை பிளவுஸைப் பார்க்கும், வாய் முந்தின இரவு நாடகத்தைப் பேசும். பல வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டு வருகிறேன். நாயகிக்காக அழுவோம், நாயகனை மன்னிப்போம், கோபம் மொத்தமும் போய் விழுவது நாயகிக்குப் பக்கத்தில் நிற்கும் இன்னொரு பெண்மேல்தான். நாத்தனார், ஓரகத்தி, மாமியார், பாக்கியலட்சுமி நாடகத்து ராதிகா மாதிரி கணவனுடைய பழைய காதலி, இப்படி யாராவது ஒருத்தி. "அவ நாசமாப் போவா" என்று சாபம்கூடக் கொடுத்துவிடுவோம்.

நாடகம் பார்ப்பதை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. நானும் ஒரு நாள் விடாமல் பார்க்கிறவள்தான். அந்த இன்னொரு பெண்ணையும் நியாயமாகப் பார்க்க முடியும், அப்படிப் பார்த்தால் கதையும் நன்றாகப் பிடிபடும். எங்கள் கடையில் நாங்கள் பழகிக்கொண்ட முறையைச் சொல்கிறேன்.

ஒரு வாரம் அவளை மட்டும் பாருங்கள்

திங்கள் முதல் சனி வரை ஒரே ஒரு பெண். நாயகி அழட்டும், நாயகன் சவால் விடட்டும், உங்கள் கண் நீங்கள் பிடித்துக்கொண்ட பெண்மேலேயே இருக்கட்டும். அவள் வரும் ஒவ்வொரு காட்சியிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இந்த நேரத்தில் இவளுக்கு என்னென்ன தெரியும்?

இந்தக் கேள்விதான் முக்கியம். நமக்கு எல்லாம் தெரியும், கேமரா எல்லா அறைக்குள்ளும் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. அவளுக்குத் தன் அறை மட்டும்தான் தெரியும். 2020இல் விஜய் டிவியில் தொடங்கிய பாக்கியலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கியாவின் கணவன் கோபி, கல்லூரிக் காலத்துக் காதலி ராதிகாவோடு மறுபடி பழகுகிறான். தன் மனைவி யார் என்பதை அவளிடம் மறைக்கிறான். நடுவில் பாக்கியாவும் ராதிகாவும் தோழிகளாகி விடுகிறார்கள். இவளுடைய கணவன்தான் அவளுடைய கோபி என்பது இரண்டு பேருக்குமே தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியும். "கூட இருந்தே குழி பறிக்கா பாரு" என்று எங்கள் கடையில் எத்தனை பேர் சொன்னார்கள்! குழி பறித்தது யார் என்று கேட்டால் எல்லோருக்கும் பதில் தெரியும், ஆனாலும் திட்டு ராதிகாவுக்குத்தான். கோபி மாட்டிக்கொண்டு முழிக்கும்போது சிரித்தோம்.

கோபம் வரும்போதெல்லாம் காட்சியை மனதில் கொஞ்சம் பின்னால் ஓட்டிப் பாருங்கள். அவள் தெரிந்து செய்தாளா, தெரியாமல் செய்தாளா, தெரிந்த பிறகு என்ன செய்தாள்? மூன்றாவதற்கு மட்டும்தான் அவள் பதில் சொல்ல வேண்டும்.

அதே பெண்ணை மலையாளத்தில் பாருங்கள்

இது எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குக் கிடைத்த வசதி. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தவர்கள். விளவங்கோடு பக்கத்தில் இன்றைக்கும் பல வீடுகளில் ரிமோட் தமிழுக்கும் மலையாளத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். பாக்கியலட்சுமியின் மூலக்கதை வங்காளத்தில் 2019இல் வந்த ஸ்ரீமோயி. அதே கதை மலையாளத்தில் ஏஷ்யாநெட்டில் குடும்பவிளக்கு, இந்தியில் அனுபமா. குடும்பவிளக்கில் பாக்கியாவின் இடத்தில் சுமித்ரா, ராதிகாவின் இடத்தில் வேதிகா.

இரண்டையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரிந்திருக்கும். வேதிகா தெரிந்தே நுழைகிறவள். சுமித்ரா யார், அவளுடைய கணவன் யார் என்று எல்லாம் அறிந்தவள், சூழ்ச்சி செய்கிறவள். ராதிகாவோ ஏமாற்றப்பட்டவள், கணவனை விட்டு வந்து மகளைத் தனியாக வளர்க்கிறவள், உண்மை தெரிந்ததும் கோபியிடம் சண்டை போடுகிறவள். மூலக்கதை ஒன்று, கதையில் நிற்கிற இடமும் ஒன்று, ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு மனுஷிகள். அப்படியானால் அந்த இடத்தில் நிற்கும் பெண் கெட்டவளாக இருப்பதும் இல்லாததும் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. அருமனையிலிருந்து வந்து எங்களோடு தைக்கிற அக்கா இதைக் கண்டுபிடித்துச் சொன்ன அன்று கடையில் பெரிய விவாதமே நடந்தது. "ரெண்டாம் தாரமா வாறவ எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு கட்சி. "அப்பம் ரெண்டு நாடகத்தையும் ஒரே மாதிரி எழுதியிருக்கலாமே, ஏன் எழுதல்லை?" என்று அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்கு மற்ற கட்சியிடம் பதில் இல்லை.

உங்களுக்கு மலையாளம் வராவிட்டால் தெலுங்கிலோ இந்தியிலோ தெரிந்தவர்களிடம் கேளுங்கள். இன்றைக்கு ஓடும் தமிழ் நாடகங்களில் நிறைய, வேறு மொழியிலிருந்து வந்தவை அல்லது வேறு மொழிக்குப் போனவை.

பெயரை மாற்றிச் சொல்லிப் பாருங்கள்

அவள் செய்த காரியத்தை அதே நாடகத்தில் இருக்கும் ஆணின் பெயரில் சொல்லிப் பாருங்கள். கோபம் அதே அளவு வருகிறதா?

சிறகடிக்க ஆசை நாடகத்தில் ரோகிணி பொய் சொல்கிறாள். முதல் கல்யாணத்தையும் குழந்தையையும் மறைக்கிறாள், மலேசியாவில் பணக்கார அப்பா இருப்பதாகக் கதை விடுகிறாள். தப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவளைக் கட்டிய மனோஜ் யார்? அப்பாவின் பணத்தை எடுத்துக்கொண்டு, மீனாவோடு நடக்க இருந்த கல்யாணத்தன்று ஓடிப்போனவன். "அவன் ஒரு மண்டு, விடு" என்று அவனைக் கடந்து போகிறோம். "ரோகிணி எப்பம் மாட்டுவா?" என்று மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு கணவனை இழந்த பெண், விஜயாவைப் போன்ற மாமியாரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வீட்டுப் படி ஏறியிருக்க முடியுமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அவள் பொய்யை நியாயப்படுத்த வேண்டாம். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் போதும்.

எதிர்நீச்சலில் ஆதி குணசேகரன் வீட்டுப் பெண்களை மிரட்டி அடக்கி வைத்த ஆள். மாரிமுத்து அதில் அபாரமாக நடித்தார், 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது எங்கள் கடையில் கண் கலங்காதவர்கள் இல்லை. அந்தப் பாத்திரம் பெண்களை விரட்டப் பேசிய "இந்தாம்மா ஏய்" ஊரெல்லாம் செல்லப் பேச்சாகிவிட்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள். ஒரு மாமியார் பாத்திரம் அதே தொனியில் பேசியிருந்தால் நாம் அதை ரசித்திருப்போமா?

சத்தத்தைக் குறையுங்கள்

இது சின்ன வேலை. அவள் வரும் காட்சியில் அஞ்சு நிமிஷம் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள். இடி மாதிரி விழும் பின்னணி இசை போனதும் பாதிக் கெட்டவள்தனம் போய்விடும். அவள் கேட்டது "சாப்பிட்டியா?" என்பதாகக்கூட இருக்கும். மூன்று தரம் ஒரே முகத்தைக் கிட்டத்தில் காட்டி நம்மைப் பயப்படச் சொன்னது இசையும் எடிட்டிங்கும்.

வில்லிக்குக் கை தட்டுகிறோம், இடைப்பட்டவளைத்தான் கொல்கிறோம்

2013 முதல் 2018 வரை சன் டிவியில் ஓடிய தெய்வமகளில் காயத்ரி எத்தனை அட்டூழியம் செய்தாள்! ஆனாலும் "அண்ணியார்" என்று மரியாதையோடுதான் சொன்னோம். அவள் நடந்து வந்தால் எங்கள் வீட்டில் நிமிர்ந்து உட்காருவார்கள். முழுக்கக் கெட்டவளை நமக்குப் பிடிக்கிறது, முழுக்க நல்லவளையும் பிடிக்கிறது. கொஞ்சம் சுயநலம், கொஞ்சம் பயம், கொஞ்சம் அன்பு என்று நம்மைப் போலவே இருக்கும் பெண் வந்தால்தான் பொறுக்க முடிவதில்லை. உங்களுக்கு ஒருத்தியைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது என்றால், அவள் இந்த இடைப்பட்ட வகையா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். நாடகத்தில் நன்றாக எழுதப்பட்ட பாத்திரமும் அவளாகத்தான் இருப்பாள்.

இப்படிக் கேட்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை. நான் பிறந்தது தோவாளைப் பக்கம். முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் அங்கிருந்து கிட்டத்தில்தான். கோவில் கொடை நாளில் வில்லுப்பாட்டில், இசக்கியம்மனாகக் கும்பிடப்படும் நீலியின் கதையைப் பாடும்போது, அவள் கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பழி வாங்க வருவதை மட்டும் பாடிவிட்டு எழுந்து போக மாட்டார்கள். முந்தின பிறவியில் அவள் நம்பிப் போனவன் நகைக்காக அவளைக் கொன்றதிலிருந்து பாடுவார்கள். விடிய விடிய உட்கார்ந்து கேட்பார்கள் எங்கள் ஊர்ப் பெண்கள். கொன்றவளுக்கே கை எடுத்துக் கும்பிடுகிற ஊர் இது. அரை மணி நேர நாடகத்தில் ஒரு நாத்தனாருக்கு அந்தப் பொறுமையைக் கொடுக்கக் கூடாதா?

நடிக்கிறவரை விட்டுவிடுங்கள்

பிளவுஸ் கை இறுக்கமாகப் போனால் யாரும் துணியைத் திட்டுவதில்லை, வெட்டினவளைத்தான் கேட்பார்கள். நாடகத்திலும் அப்படித்தான் கேட்க வேண்டும். டைட்டில் ஓடும்போது ஒரு நாளாவது நின்று படியுங்கள். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் வேறொருவர் என்று தனித்தனியாகப் பெயர் வரும். பல நடிகைகளுக்குக் குரல் கொடுப்பதும் வேறு ஆள்தான். முகம் மட்டும்தான் நாம் திட்டுகிற பெண்ணுடையது. அண்ணியாராக நடித்த ரேகா கிருஷ்ணப்பா கர்நாடகத்துக்காரர்.

"இனி இவருக்குப் பதில் இவர்" என்று திரையில் எழுதிக் காட்டுவதை எத்தனை தரம் பார்த்திருக்கிறோம். ராதிகா பாத்திரத்திலேயே முதலில் ஒருவர் நடித்தார், பிறகு ரேஷ்மா பசுபுலேட்டி வந்தார். ஆள் மாறியும் நம் கோபம் அப்படியே புது முகத்துக்கு மாறிக்கொண்டது. அந்த நடிகை ஒரு கல்யாண வீட்டுப் படம் போட்டால் அதன் கீழே போய் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று எழுதுவது பெரிய கொடுமை. அவருடைய நிறம், உடம்பு, சொந்த வாழ்க்கை இது எதையும் தொடாமல் உங்கள் கோபத்தைச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். "ராதிகா அன்றைக்கு பாக்கியாவிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். அது கதையைப் பற்றிய பேச்சு.

எழுதுகிறவர்களிடம் கேட்கவும் செய்யலாம். நாடகங்கள் ஒளிபரப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எடுக்கப்படுகின்றன. வாராவாரம் வரும் டிஆர்பியைப் பார்த்து ட்ராக்கை மாற்றுகிறார்கள். சேனலின் பக்கத்தில் எழுதும்போது "இவளைச் சாகடியுங்கள்" என்று எழுதுவதற்குப் பதில் "இவள் ஏன் இப்படி ஆனாள் என்று காட்டுங்கள்" என்று எழுதுங்கள். அப்படிக் காட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பதற்கு எதிர்நீச்சலே சாட்சி. ஜனனிதான் நாயகி, ஆனால் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி மூன்று பேருக்கும் தனித்தனி ஆசையும் வலியும் இருந்தது. ரேணுகா ஆடத் தெரிந்தவள், நந்தினி சமையலில் கை தேர்ந்தவள். ஓரகத்திகள் ஒருத்தியை ஒருத்தி கவிழ்க்காமல் அடுப்படியில் கூடிப் பேசிய காட்சிகளுக்காகவே எங்கள் கடையில் ஒருத்தர்கூட அதை விடவில்லை.

நாயகியின் தோழி, வீட்டு வேலைக்கு வரும் பெண், இவர்கள்மேல் நமக்குக் கோபமே வராது, நினைவிலும் இருக்க மாட்டார்கள். அந்தத் தோழிக்கு அப்பா அம்மா இருக்கிறார்களா, எங்கே வேலை பார்க்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் எழுதவே இல்லை என்று அர்த்தம்.

வீட்டில் பேசும்போது

இதையெல்லாம் படித்துவிட்டு நேராகப் போய் மாமியிடமோ அம்மையிடமோ "அவளைத் திட்டாதீங்க" என்று சொல்லாதீர்கள். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், நாள் முழுக்க உட்கார்ந்து பருப்பு உடைத்துவிட்டு வந்து டிவி முன்னால் சாய்கிறவர்களுக்கு அந்த அரை மணி நேரம்தான் வாய்விட்டுத் திட்டக் கிடைத்த நேரம். வீட்டில் எதிர்த்துப் பேச முடியாத யாரையோதான் பல பேர் அந்தத் திரையில் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கடையில் ஒரு மாமி விஜயாவை வைய ஆரம்பித்தால் கண்ணீர் வரும்வரை வைவார். கொஞ்ச நாள் கழித்து ஒரு கட்டன் சாயா குடிக்கும் நேரத்தில், "ஒங்க மாமியாரும் இப்படியா மாமி?" என்று நான் கேட்டேன். "எனக்க மாமியாரா? அது ஒரு பெரிய கதையாக்கும் மக்களே" என்று ஆரம்பித்தார். அன்றைக்குத் தைக்க வேண்டிய பிளவுஸ் மறுநாளைக்குத் தள்ளிப் போனது.

அதனால் நாடகம் ஓடும்போது குறுக்கே பேசாதீர்கள். திட்டி முடியட்டும். மறுநாள், கை வேலை நடக்கும்போது, ஒரு கேள்வி மட்டும் போடுங்கள்: "அவ அப்பம் வேற என்ன செய்திருக்க முடியும்?" பதில் வர நேரமாகும். பொறுத்திருங்கள். வீட்டில் பெண் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள், அவர்கள் சொல்லும் பதிலை வெட்டாமல் கேளுங்கள்.