அம்மாவின் மத்தியானத் தூக்கமும் உங்கள் ஆங்கிலமும்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கமிருந்து லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது. பேச்சு ஆங்கிலத்தை வீட்டுக்குப் போடும் போனிலிருந்தே தொடங்கலாம்.

குளிர்காலத்தில் இங்கே காலை 10 மணி என்றால் அங்கே மதியம் 3.30. விடியற்காலையில் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போய்வந்த என் அம்மா அப்போதுதான் எழுந்திருப்பார். "சாப்ட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டேன்டா" என்பார். போனை வைத்ததும் அதை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்பேன்: "ஷி ஹேட் எ நேப் ஆஃப்டர் லஞ்ச்." நேப் என்பதை மேப் போலவே உச்சரியுங்கள். நாம் தூக்கத்தைப் 'போடுகிற' இடத்தில் இங்கே 'ஹேவ்' வரும். ஹேவ் எ ஷவர், ஹேவ் எ நேப், எல்லாம் ஒரே அச்சு. அமெரிக்கர்கள் 'டேக் எ நேப்' என்பார்கள். இங்கேயும் அது புரியும். நேப்புக்கு முன்னால் 'எ' கட்டாயம். ஸ்லீப் அப்படியில்லை: "ஐ நீட் ஸம் ஸ்லீப்."

அடுத்தது ரொம்ப முக்கியம். தமிழில் தூக்கம் நம்மிடம் 'வரும்'. ஆங்கிலத்தில் 'ஐ' என்றுதான் தொடங்க வேண்டும். முதல் வேலையில், இரவு ஷிப்டில், தூக்கம் வருகிறது என்று சொல்ல நினைத்து "ஐ ஆம் ஸ்லீப்பிங்" என்றேன். வேலை நேரத்தில் தூங்குகிறேன் என்று மேலாளர் எடுத்துக்கொண்டார். விளக்க எனக்கு வார்த்தை இல்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது. சொல்லியிருக்க வேண்டியது "ஐ ஆம் ஸ்லீப்பி" அல்லது "ஐ ஃபீல் ஸ்லீப்பி".

நம்மூரில் பலரும் சொல்லும் "ஐ ஸ்லெப்ட் ஆஃப்" இங்கே எடுபடாது. உட்கார்ந்தபடி கண்ணசந்துவிட்டால் "ஐ டோஸ்ட் ஆஃப்". அலாரம் கேட்காமல் தூங்கி வேலைக்குத் தாமதமானால், "ஸாரி, ஐ ஓவர்ஸ்லெப்ட்." ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே தாமதமாக எழுந்தால் "ஐ ஹேட் எ லை-இன்."

அப்புறம், அம்மாவிடமிருந்து மிஸ்டு கால். "நீ கூப்பிட்டப்போ தூங்கிக்கிட்டிருந்தேன்" என்பதற்கு "ஐ வாஸ் ஹேவிங் எ நேப் வென் யூ கால்ட்." நடந்துகொண்டிருந்ததற்கு 'வாஸ்' போட்டு 'இங்', குறுக்கே வந்ததற்கு வெறும் இறந்தகாலம். இதை நான்கைந்து நாள் வாய்விட்டுச் சொன்னால் பிடிபட்டுவிடும்.

மறுநாள் நீங்கள் கூப்பிட்டு அம்மா எடுக்கவில்லையா? 'தூங்குறாங்க போல' என்பதில் வரும் அந்தப் 'போல'வுக்கு 'மஸ்ட் பி': "ஷி மஸ்ட் பி ஹேவிங் எ நேப்."