கண்ணாடிக்கு ஒரு குடம், சாக்கடைக்கு மூன்று குடமா?

நீளமான கம்பு, அதன் நுனியில் தூரிகை, கம்புக்குள் ஓடும் மெல்லிய குழாய். கீழே நின்றபடியே மூன்றாம் மாடி ஜன்னல் வரை தேய்த்துக் கழுவிவிடலாம். சோப்பு வேண்டாம், வைப்பர் வேண்டாம், துணியால் துடைக்கவும் வேண்டாம். கழுவி அப்படியே காயவிட்டால் போதும். ஆனால் இந்த வேலைக்குச் சாதாரணத் தண்ணீர் உதவாது. குழாய்த் தண்ணீர் காயும்போது நீர் ஆவியாகிவிடும், அதில் கரைந்திருந்த உப்பு கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாகத் தங்கிவிடும். கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 0 அல்லது அதை ஒட்டிய அளவு காட்டும் தண்ணீர்தான் வேண்டும். 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம் உப்பு) தாண்டினால் புள்ளி தெரிய ஆரம்பித்துவிடும்.

அப்படிப்பட்ட நீரைத் தயாரிக்க முதலில் ஆர்.ஓ., அதற்குப் பின் மீதி உப்பைப் பிடிக்க ரெசின் எனும் சிறுமணிகள் என்பதுதான் வழக்கம். ஆர்.ஓ.வின் மெம்பரேன், அதாவது சவ்வு, உப்பை அழிப்பதில்லை. ஒரு பங்கு நீரை உப்பு நீக்கித் தந்துவிட்டு, மிச்ச நீரில் அந்த உப்பையெல்லாம் ஏற்றி வெளியே தள்ளுகிறது. கவனிக்காமல் விட்ட இயந்திரத்தில் 1 லிட்டர் சுத்த நீருக்கு 3 லிட்டர் சாக்கடைக்குப் போவது சகஜம். சென்னை ஓ.எம்.ஆர். சாலை லாரித் தண்ணீரை நம்பி வாழும் இடம். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போனபோது, அங்கே சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. அந்தச் சாலையில் நிற்கும் கண்ணாடிக் கட்டடத்தைப் பளபளக்க வைக்க மூன்று பங்கு தண்ணீரைக் கொட்டுவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

இந்த வீணடிப்பில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும். வேஸ்ட் பைப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் முடியாது. கணக்கை நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் தொடங்கி, தூரிகையின் நுனி வரை பார்க்க வேண்டும்.

உள்ளே வரும் தண்ணீரை அளக்காமல் இயந்திரம் வாங்குவது

சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. அதை வாங்குவதற்கு முன்பே பெரிய ஆர்.ஓ. வாங்கிவிடுகிறார்கள். ஒரே கட்டடத்தின் சம்ப்பில் ஒரு வாரம் மெட்ரோ வாட்டர், அடுத்த வாரம் லாரித் தண்ணீர், நடுநடுவே போர்வெல் என்று கலந்து விழும். ஒவ்வொன்றின் டி.டி.எஸ்.ஸும் வேறு. ஒரு மாதம் தொடர்ந்து எழுதி வைத்தால்தான் நம் தண்ணீர் எப்படிப்பட்டது என்றே தெரியும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், உப்பு குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ.வே தேவைப்படாது. ரெசினில் வேஸ்ட் பைப் கிடையாது. உள்ளே போகும் தண்ணீர் அத்தனையும் சுத்த நீராக வெளியே வரும். தோராயமாக 1 லிட்டர் மிக்ஸ்டு பெட் ரெசின் (இரு வகை மணிகள் கலந்தது) 20 கிராம் உப்பைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் ரெசின் உள்ள சிலிண்டரில் 50 பி.பி.எம். தண்ணீரை விட்டால் சுமார் 4,000 லிட்டர் சுத்த நீர் கிடைக்கும். அதே சிலிண்டரில் 1,000 பி.பி.எம். போர்வெல் நீரை விட்டால் 200 லிட்டரோடு ரெசின் தீர்ந்துவிடும். அந்த இடத்தில் ஆர்.ஓ. இல்லாமல் தொழில் நடத்த முடியாது.

இந்தக் கம்பு முறை நன்றாக வேரூன்றிய பிரிட்டனில் ஊருக்கு ஊர் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். கேட்ரின் ஏரியிலிருந்து மென்மையான நீர் வரும் கிளாஸ்கோவில் ரெசினை மட்டும் வைத்தே பலர் வேலையை முடித்துவிடுகிறார்கள். சுண்ணாம்பு மிகுந்த நீர் வரும் லண்டனில் ஆர்.ஓ. கட்டாயம். நம்மூரிலும் அப்படித்தான். சிறுவாணித் தண்ணீர் வரும் கோயம்புத்தூர்ப் பகுதியில் ஆர்.ஓ.வை ஓட்டுவது, நல்ல தண்ணீரைக் காசு கொடுத்துக் கொட்டுவதற்குச் சமம். 100 பி.பி.எம்.முக்குக் கீழே இருந்தால் முதலில் ரெசின் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு ஆர்.ஓ.வைப் பற்றி யோசிக்கலாம்.

மேலிருந்து விழும் இரண்டு தண்ணீரை விட்டுவிடுவது

மழைநீரில் உப்பு மிகக் குறைவு. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பெரும்பாலான கட்டடங்களில் மொட்டை மாடியிலிருந்து குழாய் இறங்கித்தான் இருக்கிறது. அதை ஒரு மூடிய தொட்டிக்குத் திருப்பினால் போதும். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர். தூரிகையில் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று ஓடினால் எட்டு மணி நேர வேலைக்கு அது காணும். முதல் மழையில் மாடித் தூசியும் காக்கை எச்சமும் வரும், அதை வெளியே விட்டுவிடுங்கள். அடுத்து வருவதை, மண்ணையும் தூசியையும் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரில் வடிகட்டி நேராக ரெசினுக்குக் கொடுக்கலாம்.

இரண்டாவது, ஏ.சி. தண்ணீர். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அது கிட்டத்தட்டக் காய்ச்சி வடித்த நீர். சென்னைப் புழுக்கத்தில் 1.5 டன் ஏ.சி. ஒன்றே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் சொட்டும். மையக் குளிரூட்டல் உள்ள அலுவலகத்தில் எவ்வளவு வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். கழுவ வேண்டிய அதே கட்டடத்திலிருந்து உப்பில்லாத் தண்ணீர் நாள் முழுக்கச் சாக்கடைக்கு ஓட, பக்கத்திலேயே லாரித் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டு முக்கால் பங்கைக் கொட்டுகிறோம். இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கவனிக்க வேண்டியவை இரண்டே. ஏ.சி. சர்வீஸ் செய்யும் நாளில் குளிர்க்குழாய்ச் சுருளை (காயில்) கழுவும் ரசாயனம் கலந்து வரும், அன்று பிடிக்கக் கூடாது. மற்ற நாட்களிலும் நாள்கணக்கில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் பயன்படுத்திவிட வேண்டும். தேங்கிய நீரில் கிருமி வளரும். தூரிகையிலிருந்து தெறிக்கும் திவலையை வேலை செய்பவர்தான் சுவாசிக்கிறார்.

மேல் தொட்டி அழுத்தத்தை நம்புவது

ஆர்.ஓ. வாங்கியாயிற்று, சரி. அதை எங்கே இணைக்கிறார்கள்? மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில். 10 மீட்டர் உயரத் தொட்டி தருவது 1 பார் அழுத்தம்தான். 1,000 பி.பி.எம். உப்புள்ள நீரில் நீரை உப்புப் பக்கமே இழுக்கும் சவ்வூடு அழுத்தத்தை எதிர்க்கவே அதில் சுமார் 0.7 பார் போய்விடும். மிஞ்சும் சொற்ப அழுத்தத்தில் சுத்த நீர் சொட்டுச் சொட்டாக வரும், வேஸ்ட் பைப்பில் மட்டும் தாராளமாக ஓடும். மெம்பரேனுக்குக் குறைந்தது 4 பார் வேண்டும், பெரியவற்றுக்கு இன்னும் கூடுதல். நல்ல பூஸ்டர் பம்ப் ஒன்று போட்டாலே வீணாகும் அளவு கண்ணுக்குத் தெரியக் குறையும். பம்ப்புக்கு முன்னும் பின்னும் அழுத்த மீட்டர் இருக்கட்டும். செடிமென்ட் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் முதலில் அங்கேதான் தெரியும்.

கார்பன் ஃபில்டரையும் காலத்தில் மாற்றுங்கள். மெட்ரோ வாட்டரில் உள்ள குளோரினை அதுதான் பிடிக்கிறது. பிடிக்காவிட்டால் குளோரின் மெம்பரேனை அரித்துவிடும். அரித்த மெம்பரேன் உப்பை உள்ளே விடும், ரெசின் வேகமாகத் தீரும்.

ரிஜெக்ட் வால்வைத் தொடாமலே விடுவது, அல்லது இறுக்கி மூடுவது

இரண்டு வாளி, ஒரு கடிகாரம். சுத்த நீர்க் குழாயை ஒன்றில், வேஸ்ட் குழாயை மற்றொன்றில் ஐந்து நிமிடம் விடுங்கள். இரண்டையும் அளந்தால் உங்கள் இயந்திரத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும். கால் பங்குதான் சுத்த நீர் என்றால் வேஸ்ட் குழாயில் உள்ள ரிஜெக்ட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வரலாம்.

ஆனால் பேராசை கூடாது. பாதித் தண்ணீரைச் சுத்த நீராக எடுத்தால் ரிஜெக்டில், அதாவது வேஸ்ட் நீரில், உப்பு இரண்டு மடங்கு. முக்கால் பங்கு எடுத்தால் நான்கு மடங்கு. 80 சதவீதம் எடுத்தால் ஐந்து மடங்கு. கடினமான போர்வெல் நீரில் அந்த அளவுக்குப் போனால் சுண்ணாம்பு மெம்பரேனுக்குள்ளேயே படிந்துவிடும். பிறகு ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும், அதற்கும் தண்ணீர், கடைசியில் புது மெம்பரேன். என் அனுபவத்தில் கடின நீருக்குப் பாதிக்குப் பாதி பாதுகாப்பானது. அதற்கு மேல் போக வேண்டுமானால் சுண்ணாம்பு படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் டோஸிங் வைத்துக்கொள்ளலாம். சுண்ணாம்பை நீக்கும் சாஃப்ட்னரும் உதவும், ஆனால் அது உப்பு நீரில் தன்னைக் கழுவிக்கொள்ளத் தனியாகத் தண்ணீர் குடிக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மென்மையான நீரில் 70, 75 சதவீதம் வரை தைரியமாக எடுக்கலாம். குடிநீர் ஆர்.ஓ.க்களைப் பற்றி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டபோது 60 சதவீதத்துக்கு மேல் நீரை மீட்க வேண்டும் என்றது. நம் இயந்திரத்துக்கும் அதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்வதில் தவறில்லை.

தொட்டி நிறைந்த பிறகும் ஓடவிடுவது

சுத்த நீர்த் தொட்டியில் ஃப்ளோட் வால்வ் இருக்கும். தொட்டி நிறைந்ததும் அது மூடிக்கொள்ளும். எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். உள்ளே வரும் குழாயை நிறுத்த ஆள் இல்லாததால் தண்ணீர் மெம்பரேனை உரசிக்கொண்டு வேஸ்ட் பைப் வழியாக விடிய விடிய ஓடும். இதைவிடப் பெரிய வீணடிப்பை இந்தத் தொழிலில் நான் பார்த்ததில்லை. தொட்டி நிறைந்ததும் பம்ப்பையும் உள்வரும் குழாயில் மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வையும் சேர்த்து நிறுத்தும் ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும். இருக்கிறதா என்று சோதிக்க, தொட்டி நிறைந்த பின் வேஸ்ட் பைப் அருகே போய் நில்லுங்கள். சத்தம் கேட்டால் இல்லை என்று அர்த்தம்.

காலையில் இயந்திரத்தைப் போட்டதும் நடப்பது வேறு கதை. வழக்கமாக 15 காட்டும் ஆர்.ஓ. நீர், முதல் சில நிமிடம் 80, 100 என்று காட்டும். இரவு முழுக்க நின்றிருந்தபோது மெம்பரேனின் மறுபக்கத்துக்கு உப்பு மெல்லக் கசிந்திருக்கும். மீட்டர் முள் இறங்குவதைப் பார்த்தபடி அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விடுவார்கள், அல்லது அப்படியே ரெசினுக்குள் அனுப்பி ரெசினைக் கெடுப்பார்கள். இரண்டும் வேண்டாம். ஒரு மூன்று வழி வால்வ் வைத்து, அளவு இறங்கும் வரை அதைச் சம்ப்புக்கே திருப்பிவிடுங்கள். சம்ப்பில் உள்ளதைவிட அது நல்ல தண்ணீர்தானே. அரை மணி, அரை மணியாகப் பல தடவை ஓட்டாமல் ஒரே நீட்டாக ஓட்டித் தொட்டியை நிரப்புவதும் நல்லது.

தூரிகையில் கொட்டுவது

பாதிக்குப் பாதி எடுக்கும் இயந்திரம் உங்களிடம் இருந்தால், கண்ணாடியில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு லிட்டரும் சம்ப்பில் 2 லிட்டர். கால் பங்கு எடுக்கும் இயந்திரமாக இருந்தால் 4 லிட்டர். இவ்வளவு இருந்தும் கம்பு பிடிப்பவரிடம் யாரும் இதைப் பேசுவதில்லை.

நிமிடத்துக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் பெரும்பாலான ஜன்னல்களுக்குப் போதும். பம்ப் கன்ட்ரோலரை முழுக்கத் திறந்துவைத்தால் சுத்தம் கூடாது, தரை மட்டும்தான் நனையும். ஒரு ஜன்னலிலிருந்து அடுத்ததற்கு நகரும்போதும், குழாயைச் சுருட்டும்போதும், போனில் பேசும்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கம்பிலேயே கைக்கெட்டும் இடத்தில் ஒரு சின்னத் திருகு வால்வ் வைத்தால் அது நின்றுவிடும்.

வரிசையும் முக்கியம். மேல் சட்டத்தையும் ரப்பர் ஓரத்தையும் முதலில் தேய்த்துவிட்டுத்தான் கண்ணாடிக்கு வர வேண்டும். கண்ணாடியைக் கழுவிய பிறகு சட்டத்தைத் தொட்டால் அழுக்கு ஒழுகி, மறுபடி முதலிலிருந்து. கட்டுமான வேலை நடக்கும் தெருவில் சிமென்ட் தூசி அப்பியிருந்தால் உலர்ந்த தூரிகையால் ஒரு தடவை தட்டிவிட்டு நனையுங்கள். தோட்டத் தெளிப்பான் பட்டுப் பட்டு உறைந்த உப்புக்கறை எத்தனை லிட்டர் சுத்த நீர் விட்டாலும் போகாது. அதற்கு மென்மையான அமிலக் கரைசல் வேண்டும். அந்தக் கறையின் மேல் பத்து நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்பவர்களை எத்தனையோ இடங்களில் பார்க்கலாம். தெளிப்பானின் திசையைத் திருப்பிவிடச் சொல்லுங்கள், அடுத்த முறை அந்த வேலையே இருக்காது.

ரெசின் தீர்ந்துபோனதைக் கவனிக்காமல் கழுவுவதும் இதே வகை. மீட்டர் ரொம்ப நாள் 0 காட்டிக்கொண்டிருக்கும், அப்புறம் திடீரென்று ஏறும். மீன் வாடை மாதிரி ஒன்று வரும். அன்று காலையில் பார்க்கத் தவறினால் சாயங்காலம் கட்டடம் முழுக்கப் புள்ளி. மொத்தத்தையும் மறுபடி கழுவ வேண்டும்.

ரிஜெக்டை எங்கே விடக் கூடாது

எவ்வளவு குறைத்தாலும் கொஞ்சம் ரிஜெக்ட் வரத்தான் செய்யும். கழிவறை ஃப்ளஷ், தரை துடைப்பது, வாகன நிறுத்துமிடத்தைக் கழுவுவது என்று அதற்கு வேலை இருக்கிறது. தென்னைக்கு விடலாம், தொட்டிச் செடிகளுக்குத் தினமும் விட்டால் மண்ணில் உப்பு ஏறும். சிமென்ட் பூச்சு நனைக்கத் தரவே கூடாது. மொத்த ரிஜெக்டையும் சம்ப்புக்குத் திருப்பி "ஒரு சொட்டுகூட வீணில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே உப்பு நாளுக்கு நாள் ஏறி, மெம்பரேன் திணறி, கடைசியில் சம்ப்பையே காலி செய்ய வேண்டி வரும். ஒரு பகுதியைத் திருப்பலாம், சம்ப்பின் டி.டி.எஸ்.ஸைத் தினமும் பார்த்துக்கொண்டே.

மழைநீர் உறிஞ்சு கிணற்றில் மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். நிலத்தடியில் இருக்கும் நல்ல தண்ணீரையும் அது உவர்ப்பாக்கும், அடுத்த கோடையில் உங்கள் போர்வெல்லே அதை மேலே கொண்டுவரும்.